பீப்பீ ஊதி மீட்ட மூச்சு

பெரியாசுபத்திரியில் ஏழாம் நாள் காலை, பிசியோதெரபி பிள்ளை என் கையில் ஒரு பிளாஸ்டிக் சாமானைத் தந்தாள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று குழாய், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பந்து. "ஊதக்கூடாது அம்மா. உள்ளுக்கு இழுக்கவேணும். ஸ்ட்ரோவால சோடா உறிஞ்சிற மாதிரி மெல்ல மெல்ல இழுங்கோ" என்றாள். வாயை வைத்து இழுத்தேன். முதலாவது பந்து அரைவாசி எழும்பித் தட் என்று விழுந்தது. மற்ற இரண்டும் அசையவேயில்லை. "பரவாயில்லை, நாளைக்கு எழும்பும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் அந்தப் பந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு 58 வயது. முப்பது வருசத்துக்கு மேல் தையல் மெசின் மிதித்த கால். ஒரு நாளைக்கு இருபது வாளி தண்ணி அள்ளின கை. ஒரு பந்தைத் தூக்க மூச்சில்லை.

அது 2018 கார்த்திகை. கஜா புயல் வேதாரணியத்தில் கரையேறின கிழமை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான இணுவிலிலும் காற்றும் மழையும். எனக்குத் தடிமனில்தான் தொடங்கியது. நாலாம் நாள் பல்லுக் கிடுகிடுக்கக் குளிர்ந்து காய்ந்தது. மூச்செடுத்தால் வலப்பக்க விலாவில் ஊசி குத்துவதுபோல நோ. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நியூமோனியா என்றார்கள். "மழையில நனைஞ்சு உடுப்புத் தோய்ச்சவ, அதுதான்" என்று மச்சாள் வார்டில் நின்று எல்லாருக்கும் சொன்னா. மழை காரணமில்லை, கிருமிதான் காரணம் என்று டொக்டர் விளக்கியும் மச்சாள் இன்றுவரை ஏற்கவில்லை. ஒட்சிசன், ஊசி, சேலைன் என்று ஒன்பது நாள் வார்டில் கிடந்தேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டொக்டர் கட்டிலடியில் நின்று விரல் மடித்துச் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது. காய்ச்சல் ஒரு கிழமையில் போயிருக்கவேண்டும். நாலு கிழமையில் நெஞ்சு நோவும் சளியும் குறையும். ஆறு கிழமையில் இருமலும் மூச்சிளைப்பும் குறையும். மூன்று மாதத்தில் அநேகமாக எல்லாம் போய்விடும், களைப்பு மட்டும் மிச்சமிருக்கலாம். பழைய ஆளாக ஆறு மாதம்கூட எடுக்கலாம். கடைசியில் ஒன்று சொன்னார்: "அவசரப்படாதேங்கோ. ஆனா படுத்தும் கிடவாதேங்கோ."

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நோயில் இருந்து எழும்புகிற எத்தனையோ பேர் அந்த இடத்தில்தான் தனியாக விடப்படுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாலு நாளும் நான் படுத்தேதான் கிடந்தேன். எங்கள் ஊரில் வருத்தக்காரரைப் பார்க்க வருவது பெரிய அன்பு. திராட்சைப்பழம், விசுக்கோத்து, நெஸ்டமோல்ட் பெட்டி எல்லாம் மேசையில் நிறைந்தது. வந்த எல்லாரும் ஒரே வாக்கைத்தான் சொன்னார்கள்: "எழும்பாதேங்கோ, ஒண்டும் செய்யாதேங்கோ, சும்மா படுங்கோ." மகள் சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். ஐந்தாம் நாள் கிணத்தடிக்குப் போக எழும்பினபோது தொடை இரண்டும் நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் வந்த வருத்தம் காலுக்கு எப்படி இறங்கியது என்று பயந்துபோனேன்.

மகள் தேடி வாசித்துச் சொன்னாள். 2007இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத வயதானவர்களைப் பத்து நாள் கட்டிலோடு இருக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குக் கிட்டத் தசை குறைந்துவிட்டதாம். அது சுகதேகிகளுக்கு. காய்ச்சலும் சாப்பாட்டு வெறுப்புமாக ஒன்பது நாள் வார்டில் கிடந்த எனக்கு எவ்வளவு போயிருக்கும்! மல்லாந்து கிடந்தால் நுரையீரலின் அடிப்பக்கம் வடிவாக விரியாது, சளியும் அங்கேயே தேங்கும். அசையாத காலில் இரத்தம் கட்டிபடவும் கூடும். அன்பாகச் சொன்ன அந்த "சும்மா படுங்கோ" இவ்வளவு வேலை செய்கிறது.

ஆசுப்பத்திரியில் தந்த பயிற்சித் தாளைக் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டினோம். தோளைச் சுற்று, பத்துத் தரம். குதியை உயர்த்து, பத்துத் தரம். நல்ல பயிற்சிகள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிட்டேன். சுவரைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணும்போதெல்லாம் நான் ஒரு நோயாளி என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. ஆறில் இளைத்தால் தோற்றுப்போன மாதிரி இருந்தது.

பிறகுதான் பூவரசு வந்தது.

மார்கழி விடுமுறை. பேரனுக்கு அப்போது ஏழு வயது. விறாந்தையில் இருந்து பூவரசம் இலையைச் சுருட்டிச் சுருட்டி ஊதுகிறான், காற்றுத்தான் வருகிறது. "அம்மம்மா, எனக்கு பீப்பீ சத்தம் வருகுதில்லை" என்று அழுகிற குரலில் வந்து நின்றான். கையில் கிழிந்துபோன இலை. அதைப் பார்த்த உடனேயே பிழை எனக்குத் தெரிந்துவிட்டது. அது கொழுந்திலை. கொழுந்து துவண்டுபோகும், முத்தல் வெடித்துவிடும். நடுத்தரமான இலை வேண்டும், நல்ல கரும்பச்சை, நரம்பு தடித்திருக்கக்கூடாது. சொல்லி விளங்கப்படுத்த முடியாது. எழும்பி வேலிக்குப் போனேன். கட்டிலில் இருந்து வேலிவரை எத்தனை எட்டு என்று அன்று நான் எண்ணவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தபோது முப்பத்தாறு.

இலையைப் புடுங்கி லேஞ்சியால் துடைத்தேன். காம்பைக் கிள்ளி எறிந்தேன். ஒரு ஓரத்தை மெல்ல மடித்துச் சுருட்டத் தொடங்கி, ஒரு பக்கம் ஒடுக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் வரச் சுருட்டினேன். ஒடுங்கின வாயைப் பல்லால் மெதுவாகக் கடித்துத் தட்டையாக்கினேன். அந்தத் தட்டையில்தான் சத்தம் இருக்கிறது. இரண்டு இதழும் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி விலகவேண்டும். உதட்டுக்குள் வைத்து ஊதினேன். முதலில் வெறுங்காற்று. இரண்டாம் தரம் ஒரு கீச்சு. மூன்றாம் தரம் "பீஈஈ" என்று ஒழுங்கை முடியும்வரை கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பேரன் துள்ளினான். எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. திண்ணையில் குந்தி நல்லாக இருமினேன், நெஞ்சில் பல நாளாக அசையாமல் கிடந்த சளி ஒரு கட்டி வெளியில் வந்தது. அதற்குப் பிறகு வந்த மூச்சு எவ்வளவு ஆழமாகப் போனது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

அடுத்த கிளினிக்கில் பிசியோதெரபி பிள்ளையிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டாள். ஒரு போத்தலில் தண்ணி விட்டு, குழாயால் குமிழி வரக்கூடியதாக ஊதுகிற பயிற்சி ஒன்று நோயாளிகளுக்குக் கொடுப்பது உண்டாம். ஒரு தடைக்கு எதிராக நீளமாக மூச்சை விடும்போது ஒடுங்கிய சுவாசக் குழாய்கள் திறந்திருக்கும், சளிக்குப் பின்னால் காற்றுப் போகும், சளி மேலே வரும். "பீப்பீயும் கிட்டத்தட்ட அதே வேலைதான் செய்யுது அம்மா, ஊதுங்கோ. ஆனா முகம் சிவக்கச் சிவக்க ஊதாதேங்கோ. நாலைஞ்சு ஊதல், பிறகு சாதாரணமா மூச்செடுக்கவேணும். தலை சுத்தினா உடன நிப்பாட்டவேணும்" என்றாள். ஆளுக்கொரு இலை என்பதையும் சொல்லித்தான் விட்டாள். இருமல் உள்ளவர் வாயில் வைத்ததைப் பிள்ளை வாயில் வைக்கக்கூடாது.

அன்று அவள் சொல்லித்தந்த இன்னொன்று, கண்ணாடியில் ஆவி படுத்துவது. வாயை நல்லாகத் திறந்து "ஹா" என்று மூச்சைத் தள்ளவேண்டும். சளியை மேலே கொண்டுவர அது இருமலைவிடச் சுகமான வழி, தொண்டை புண்படாது. வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நானும் பேரனும் நின்று ஆவி படுத்தி, அதில் அவன் விரலால் பூனை கீறுவான். ஆவி மறைவதற்குள் பூனையின் வால் வரைக்கும் கீறி முடிக்கவேண்டும். சில நாள் வாலுக்காக இன்னொரு "ஹா" கேட்பான்.

பப்பாசி இலைத் தண்டும் கைகொடுத்தது. அது உள்ளே கோறையாக இருக்கும். வெட்டி, பால் போகக் கழுவிக் காயவைத்து, சவர்க்காரத் தண்ணியில் தோய்த்து ஊதினால் பெரிய பெரிய குமிழி வரும். பப்பாசிப் பால் தோலையும் வாயையும் எரிக்கும், ஆகவே கழுவுகிற வேலை பெரியவர்களுடையது. குமிழி உடையாமல் பெரிதாக வர மெதுவாக, ஒரே சீராக ஊதவேண்டும். நோய் எழும்பின நெஞ்சுக்குத் தேவையான மூச்சும் அதுதான்.

இதற்குள் நான் ஒரு பெரிய பிழை விட்டேன், அதையும் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்து பதினாறாம் நாள். காலை எழும்பும்போதே உடம்பு லேசாக இருந்தது. மழைக்கு விழுந்த மாவிலை முற்றம் முழுக்கக் கிடந்தது. திருவெம்பாவைக் காலம், சங்கும் சேமக்கலமும் எங்கள் ஒழுங்கையால் போகிற நாட்கள். முற்றம் இப்படிக் கிடக்கிறதே என்று மனம் கேட்கவில்லை. ஈர்க்குமாற்றை எடுத்து முழு முற்றத்தையும் கூட்டினேன். குப்பையைக் கடகத்தில் அள்ளிக் கொட்டினேன். கையோடு கை, இரண்டு வாளி தண்ணியும் அள்ளினேன். அன்று பகல் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் ஏமாந்தேன். அடுத்த நாள் காலை தலையைத் தூக்க முடியவில்லை. கால் கையெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. நோய் திரும்பிவிட்டதோ என்று மகள் அழுதுகொண்டு ஓட்டோ பிடித்தாள். டொக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தம், இது களைப்பு என்றார். இரண்டு நாள் படுக்கை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான். இன்று செய்தது சரியா என்று நாளைக் காலைதான் சொல்லும். காலையில் எழும்பும்போது நேற்றைய மாதிரியே இருந்தால், செய்தது அளவு. இன்றும் அவ்வளவே செய்யலாம். மூன்று நாலு நாள் அப்படியே போனால் கொஞ்சம் கூட்டலாம். அடித்துப்போட்ட மாதிரி இருந்தால், அன்றைக்குப் பாதி. நல்லாக இருக்கிற நாளில்தான் ஆட்கள் கவிழ்கிறார்கள். கூடாத நாளில் யாரும் முற்றம் கூட்டுவதில்லை.

அந்த நேரத்துக்கான அளவு வேறு. அசையும்போது ஒரு முழு வசனத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடியவேண்டும். முடிந்தால் தொடரலாம். வார்த்தை வார்த்தையாக அறுந்து வந்தால் இருந்துவிடவேண்டும். பிள்ளைகளோடு விளையாடுவதில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை இது. அவர்கள் வாயை மூடவிடமாட்டார்கள், ஓயாமல் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல முடியாமல் நான் கையைக் காட்டினால் பேரனுக்கு விளங்கிவிடும். "அம்மம்மாக்கு மூச்சு முடிஞ்சுது, எல்லாரும் இருங்கோ" என்று கத்துவான். ஒழுங்கைப் பிள்ளைகள் அவ்வளவும் நின்ற இடத்தில் குந்திவிடும். அந்தப் பிள்ளைகள் எனக்காகக் குந்தியிருந்த நிமிசங்களை நான் மறக்கமாட்டேன்.

திருவெம்பாவை நாட்களில் நாலரை மணிக்குச் சங்குச் சத்தம் கேட்டு எழும்புவேன். கோயிலுக்குப் போகிற நிலையில்லை. கட்டில் விளிம்பில் நிமிர்ந்து இருந்து, அவர்கள் பாடிக்கொண்டு போகும்போது நானும் சேர்ந்து பாடுவேன். முதல் நாள் ஒரு அடி பாடி முடிக்க மூன்று தரம் மூச்செடுத்தேன். பத்தாம் நாள், திருவாதிரை அன்று, ஒன்றில் முடிந்தது. பாட்டு என்பது நீளமாக, அளந்து மூச்சை விடுவதுதானே. பாட விருப்பமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. பஜனையோ, சினிமாப் பாட்டோ, எதுவும் சரி.

விளையாட்டுகளில் எது எதற்கு உதவியது என்று சொல்கிறேன். கொக்கான் வெட்டுவது பாயில் இருந்தபடி செய்யக்கூடியது. கல்லை எறிந்து பிடிக்கக் கை, தோள், கண் எல்லாம் வேலை செய்யும், மூச்சுக்குப் பாரமில்லை. முதல் இரண்டு கிழமைக்கு அது போதும். பிறகு நூல்கட்டை ஒளிக்கிற விளையாட்டு. என் தையல் பெட்டியில் இருந்து ஐந்து நூல்கட்டையை எடுத்துப் பேரன் வீடு முழுக்க ஒளிப்பான். யன்னல் படியில் ஒன்று, அலுமாரிக்கு மேலே ஒன்று, கட்டிலுக்குக் கீழே ஒன்று. தேடும்போது எட்டி எடுக்கிறோம், குனிகிறோம், நிமிர்கிறோம், அறைக்கு அறை நடக்கிறோம். பயிற்சித் தாளில் இருந்த அசைவுகள் முக்கால்வாசியும் இதற்குள் வந்துவிட்டன. குனியும்போது ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளவேண்டும், நிமிர்ந்தவுடன் ஒரு நிமிசம் நிற்கவேண்டும். நோய் எழும்பின உடம்புக்குத் தலைச்சுற்று கெதியாக வரும்.

தையல் மெசினில் திரும்ப இருந்தது நாலாம் கிழமை. அதிலும் ஒன்று செய்தேன். கத்தரிக்கோலைக் கைக்கெட்டாமல், எதிர்ச் சுவர் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு தையல் முடியும்போதும் நூல் அறுக்க எழும்பிப் போய் வரவேண்டும். கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்புவதுதான் தொடைக்குச் சிறந்த பயிற்சி. ஒரு சட்டை தைத்து முடிக்க இருபது தரமாவது எழும்பிவிடுவேன். எண்ணவே தேவையில்லை, சட்டை முடிந்தால் பயிற்சியும் முடிந்தது.

நடையும் அப்படித்தான். "இத்தனை நிமிசம் நட" என்றால் எனக்குக் கால் எழும்பாது. போக ஒரு இடம் வேண்டும். முதல் இலக்கு மச்சாள் வீட்டுப் படலை. அவ என் மனுசனுடைய தமக்கை, எங்களில் இருந்து நாலாவது வளவு. "சும்மா படும்" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவ அவதான். நான் படலைவரை நடந்துவந்து மதிலைப் பிடித்துக்கொண்டு இளைக்கிறதை இரண்டு நாள் பேசாமல் பார்த்தா. மூன்றாம் நாள் போனால் படலைக்கு வெளியில், வேப்பமர நிழலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. கதிரையில் ஒரு பழைய தலகணி. ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்து ஒரு கிளாசில் மல்லித் தண்ணி மட்டும் வந்தது. அந்தக் கதிரை இருந்தபடியால்தான் என்னால் அடுத்த இலக்கை நினைக்க முடிந்தது. நோயாளிக்கு உதவ விரும்புகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். நெஸ்டமோல்ட் போதும், வழியில் ஒரு கதிரை போட்டுவையுங்கள்.

அடுத்த இலக்கு ரயில் பாதை. 1990இல் நின்றுபோன ரயில் 2015 தை மாதம்தான் காங்கேசன்துறைவரை திரும்ப ஓடத் தொடங்கியது. இருபத்தைந்து வருசம் தண்டவாளமே இல்லாமல் கிடந்த பாதை. அதனாலோ என்னவோ, ரயில் போனால் இப்போதும் எங்கள் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். பேரனோடு பின்னேர ரயிலுக்குக் கைகாட்டப் போவது என்று முடிவெடுத்தோம். முதல் மூன்று நாள் நாங்கள் போய்ச்சேர முன்னமே ரயில் போய்விட்டது. அதற்காக நான் கெதியாக நடக்கவில்லை, வீட்டில் இருந்து நேரத்தோடு வெளிக்கிட்டோம். நாலாம் நாள் பிடித்தோம். யன்னலில் இருந்த யாரோ ஒரு பெண் எங்களுக்குத் திருப்பிக் கை காட்டினா. பேரன் அன்று இரவு முழுக்க அதையே கதைத்தான்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டமாட்டேன். தசை திரும்ப வரவேண்டும் என்றால் முட்டை, மீன், பருப்பு, கடலை ஒவ்வொரு நேரமும் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு நடந்தால் இளைப்புத்தான் மிஞ்சும். எனக்கு மீன் சொதியும் முருங்கையிலை வறையும் சோற்றை உள்ளே இறக்கின. சளி இளகத் தண்ணி நிறையக் குடிக்கவேண்டும்.

தைப்பொங்கலுக்கு, வீட்டுக்கு வந்து ஆறு கிழமைக்குக் கொஞ்சம் மேல். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் அன்று பட்டத் திருவிழா, பேரனுக்குப் போக ஆசை. என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் என் மனுசன் வீட்டிலேயே கொக்குப் பட்டம் ஒன்று கட்டினார். ஈர்க்கை வளைத்து, தாள் ஒட்டி, நூல் பூட்டுகிற முச்சை கட்டி, தலையில் காற்றுக்குக் கூவுகிற விண்ணும் பூட்டினார். அறுவடை முடிந்த வெங்காயத் தோட்டத்தில், செம்மண் வரம்பில் நின்று ஏற்றினோம். இவர் நூலைப் பிடிக்க, பட்டத்தைத் தூக்கிக்கொண்டு காற்றுப் போகிற பக்கம் நடந்து போய் உயர்த்திப் பிடித்து விடுகிற வேலை எனக்கு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் விலா எல்லாம் விரியும். முதல் தரம் குத்திக்கொண்டு விழுந்தது. நான் நடந்துபோய் எடுத்தேன். இரண்டாம் தரம் முச்சையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினார். மூன்றாம் தரம் காற்றுத் தூக்கியது. விண் "ங்ஙொய்ங்" என்று கூவத் தொடங்கினபோது நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றேன். இளைக்கவில்லை. இளைக்கவில்லை என்பதே பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கிழமை எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஐம்பது தாண்டினவர்கள் நியூமோனியாவுக்குப் பிறகு ஆறு கிழமையளவில் இந்த இரண்டாவது எக்ஸ்ரேயைத் தவறவிடக்கூடாது. சுகம்தானே என்று கிளினிக்குப் போகாமல் விடுகிற ஆட்கள் எங்கள் ஊரில் கனபேர்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சில் அழுத்தம் அல்லது நோ, உதடு நீலம் பாய்வது, மயக்கம், சளியில் இரத்தம், நின்ற காய்ச்சல் திரும்புவது, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது. இவற்றில் ஒன்று வந்தாலும் விளையாட்டும் இல்லை, நடையும் இல்லை, உடனே ஆசுப்பத்திரி. இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அந்தச் சேவை 2018 ஆடியில்தான் எங்கள் பக்கத்துக்கு வந்தது. இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

எல்லா வருத்தத்துக்கும் ஒரே வழி இல்லை. மாரடைப்பு, ஒப்பரேசன் என்றால் எப்போது, எவ்வளவு அசையலாம் என்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும். டெங்குவில் காய்ச்சல் விட்டவுடன் சுகம் என்று நினைக்கக்கூடாது. காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம், அப்போது முழு ஓய்வும் கவனிப்பும் வேண்டும். இன்னும் சிலருக்கு, வைரஸ் காய்ச்சல் ஒன்றுக்குப் பிறகு கொஞ்சம் அசைந்தாலே நாள்கணக்கில் விழுந்துபோகிற நிலை வரும். அவர்களை "எழும்பு, நட" என்று தள்ளுவது கொடுமை. அவர்களுக்கு அளவோடு ஓய்வதுதான் மருந்து. என் காலைக் கணக்கு அவர்களுக்கு இன்னும் கூடத் தேவை.

அடுத்த வருசம், 2019 மாரியில், டெங்கு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. மச்சாளுக்கும் பிடித்தது. ஆசுப்பத்திரியில் இருந்து வந்து இரண்டு கிழமையாகியும் முற்றத்துக்கு இறங்கவே பஞ்சிப்பட்டா. டொக்டர் மெல்ல நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். நான் போய், வேப்பமரத்தடியில் இருந்த நீலக் கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் படலையில் போட்டேன். தலகணியைத் துவைத்துக் காயவைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், வேலியைப் பிடித்துப் பிடித்து வந்து இருந்தா. மல்லித் தண்ணியைக் குடித்தா. பேரன் ஒரு பூவரசம் இலையைச் சுருட்டி நீட்டினான். மச்சாள் அதை வாங்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"உது முத்தல் இலையடா. வெடிச்சுப் போகும்" என்றா. "தள்ளு, நான் புடுங்கிறன்." கதிரையில் கையை ஊன்றி எழும்பி வேலிக்கு நடந்தா.